பேர் தெரியாத ஏட்டையா

ஆனி பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பிச்சா, அச்சன்புதூர்ல எங்க வீட்டுத் திண்ணையில ஒரு பேச்சு தவறாம வரும். "இந்த வருசம் ஐந்தருவிக்கு எப்போ போறோம்?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள். உடனே என் சித்தி தலையைத் தடவிக்கொள்வாள். "அந்த ஏட்டையா பிடிச்சு இழுத்த இடம் இன்னும் வலிக்குல" என்பாள். எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். இந்தச் சிரிப்பு எங்க வீட்டில் ஏறக்குறைய 50 வருசமா நடந்துக்கிட்டு இருக்கு.

கதை சின்னதுதான். 1970-களின் நடுவில், சித்திக்கு ஒன்பது வயசு. ஐந்தருவியில் குளிச்சிட்டு, கீழே ஓடுற தண்ணியில பாவாடையை அலசப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்தாள். மேலே மழை பெய்திருக்க வேண்டும், தண்ணி நிறம் மாறி வந்துக்கிட்டு இருந்த நேரம். ஆச்சி அலறினாள். கரையில் நின்ற ஒரு ஏட்டையா பூட்ஸைக்கூட கழற்றாமல் இறங்கி, பிள்ளையின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். பிள்ளை தண்ணியைக் கக்கி அழுததும், "எம்மா, பிள்ளையைப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆச்சியை நாலு வார்த்தை திட்டிவிட்டு, நனைந்த உடுப்போடு மறுபடி தன் இடத்தில் போய் நின்னுக்கிட்டார். அவ்வளவுதான். அவர் பேர் என்ன, எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று யாரும் கேட்கவில்லை. பயத்தில் ஆச்சிக்குக் கும்பிடத்தான் தோணிச்சு, கேட்கத் தோணலை.

சித்திக்கு இப்போ பேரன் பேத்தி எடுத்தாச்சு. அவளையும் அவள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணினால் 11 பேர் வருகிறார்கள். ஒரு மனுசன் பூட்ஸை நனைத்ததால் இந்தப் பூமியில் நடமாடுகிற 11 பேர்.

அந்த ஏட்டையா யார் என்று கண்டுபிடிச்சா என்ன என்று போன வருசம் கிளம்பினேன். பழைய சங்கதிகளைக் கிளறுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கல்வெட்டு, கோவில் கணக்கு, ஜமீன் கடுதாசி என்று எவ்வளவோ தேடியிருக்கேன். 50 வருசத்துக்கு முந்தின ஒரு போலீஸ்காரரைத் தேடுறதா பெரிய காரியம்னு நினைச்சேன். பெரிய காரியம்தான்.

எங்க ஊர் டீக்கடைக்கு வருகிற ஒரு பெரியவர் போலீஸில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி என்று எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கிட்டே சொன்னார்:

"செத்திருந்தா ஃபைல் உண்டு தம்பி. பொழைச்சிட்டா ஃபைல் எதுக்கு?"

அந்த ஒரு பதிலில்தான் இந்தக் கட்டுரை தொடங்குது.

அண்ணாச்சி சொன்னது சட்டப்படி சரி. அருவியில் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்கீழ் ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகும். பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடக்கும், பிரேதப் பரிசோதனை நடக்கும், அறிக்கை தாலுகா அலுவலகம் வரை போகும். 2024 ஜூலை 1 முதல் அந்த வேலையைப் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு செய்யுது. ஒருவர் செத்தால், எத்தனை மணிக்கு, எந்த உடுப்பில், எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தார் என்பது வரை எழுதிவைக்க அரசாங்கத்திடம் படிவம் இருக்கு. ஒருவர் சாகாமல் போனால் அதற்குப் படிவம் இல்லை. அதிகபட்சம் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில், போலீஸ்காரங்க 'ஜி.டி.' என்று சொல்லுவாங்களே, அதில் ஒரு வரி இருந்தால் உண்டு. "அதுவும் அன்னைக்குப் பாராவில் இருந்தவனுக்கு எழுதணும்னு தோணியிருந்தா" என்றார் அண்ணாச்சி. இத்தனை வருசம் கழிச்சு அந்த நோட்டு இருக்குமா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

எங்க பகுதியில் ஆவணம் தேடுறவனுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். ஒரே மலை, ஒரே மழை, ஆனா ரெண்டு சர்க்கார், ரெண்டு போலீஸ். அப்புறம் எல்லாம் திருநெல்வேலி மாவட்டமாச்சு. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாச்சு. சர்க்கார் எல்லை நகரும்போதெல்லாம் காகிதமும் இடம் மாறும். இடம் மாறும்போது கொஞ்சம் தொலையும்.

சரி, அவர் பேர் கிடைக்கலை. அவர் செய்த வேலைக்காவது சட்டத்தில் பேர் இருக்கான்னு பார்ப்போம்னு அந்தப் பக்கம் திரும்பினேன்.

நம்ம ஊரில் காவல் என்பது பழைய சொல். கம்பெனி வருவதற்கு முன்பு திருநெல்வேலிச் சீமையில் ஊருக்குத் தலக்காவல், சுற்றுவட்டாரத்துக்குத் திசைக்காவல் என்று ஒரு முறை இருந்தது. களவு போனால் காவல்காரரே பொறுப்பு என்பதுதான் அதன் அடிப்படை. பாளையக்காரர்களை ஒடுக்கிய பிறகு கம்பெனி அந்த அதிகாரத்தைப் பறித்துத் தாசில்தார்களிடம் கொடுத்தது. வரி வசூலிக்கிற கையே குற்றவாளியைப் பிடிக்கிற கையும் ஆனது. அதன் விளைவு என்னன்னு 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்லுது. வரிபாக்கிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சனங்களை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்று பக்கம் பக்கமாகச் சாட்சியம். அந்த அறிக்கையால் வந்த அவமானத்துக்குப் பிறகுதான் வரித்துறையையும் போலீஸையும் பிரித்து 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் சென்னை மாகாண போலீஸின் முதல் தலைவர். அந்த 1859 சட்டம், 'தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம்' என்று பேர் மாறி இன்னைக்கும் புத்தகத்தில் இருக்கு.

இதை ஒரு நிமிசம் நின்னு யோசிக்கணும். நம்ம போலீஸ், சித்திரவதை பற்றிய ஒரு அறிக்கையின் வயிற்றில் பிறந்த குழந்தை. இந்த விசயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சென்னை சட்டத்துக்கு ரெண்டு வருசம் கழித்து 1861-இல் இந்தியா முழுமைக்கும் போலீஸ் சட்டம் வந்தது. அதன் 23-ஆவது பிரிவு போலீஸ்காரரின் கடமைகளைப் பட்டியல் போடுது. மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியணும், பொது அமைதி சம்பந்தமான தகவலைச் சேகரித்துச் சொல்லணும், குற்றத்தையும் பொதுத் தொல்லையையும் தடுக்கணும், குற்றவாளியைக் கண்டுபிடிக்கணும், பிடிக்கணும். 1859 சட்டத்தின் போக்கும் இதேதான். தண்ணியில் விழுந்த பிள்ளையைத் தூக்கணும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. 1857 கலவரம் முடிந்த சூட்டில் எழுதிய சட்டம். ஆள்வதற்கு ஒரு படை வேணும் என்பதுதான் கணக்கு, அணைப்பதற்கு இல்லை.

உயிர் காப்பது போலீஸ் வேலைதான் என்று சட்ட நடையில் எழுதிப் பார்த்த ஒரு முயற்சி 2006-இல் நடந்தது. அந்த வருசம் செப்டம்பர் 22-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்தம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே சோலி சொராப்ஜி தலைமையிலான குழு ஒரு மாதிரிச் சட்டத்தைக் கொடுத்தது. உடலுக்கு ஆபத்து வந்தவர்களுக்கு உதவுவது, இடரில் சிக்கியவர்களுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் அதில் போலீஸின் பொறுப்பாக எழுதப்பட்டிருக்கு. ஆனா அது மாதிரிச் சட்டம்தான். ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கிட்டது.

அப்படியானால் எங்க ஏட்டையா 1970-களில் எந்தச் சட்டப்படி இறங்கினார்? எந்தச் சட்டப்படியும் இல்லை. கரையில் நின்னார், பார்த்தார், இறங்கினார்.

சட்டத்தில் இல்லாதது பதக்கத்தில் மட்டும் கொஞ்சம் முன்னாடியே இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1909 ஜனவரி 23-இல் லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்த ரெண்டு பேரை, மைல்கணக்கில் ஓடித் துரத்தினார்கள் போலீஸ்காரர்கள். வில்லியம் டைலர் என்ற கான்ஸ்டபிளும் ஒரு சிறுவனும் சுடப்பட்டு இறந்தார்கள். போலீஸின் துணிச்சலுக்கென்று தனிப் பதக்கம் எதுவும் இல்லையே என்று அப்போதுதான் பேச்சு எழுந்தது. அந்த வருசம் ஜூலையிலேயே 'மன்னரின் காவல் பதக்கம்' ஏற்படுத்தப்பட்டது. உயிரையும் உடைமையையும் காப்பதில் காட்டும் வீரம் என்பதைக் குற்றவாளியைப் பிடிப்பதற்குச் சமமாக வைத்தது அந்த உத்தரவு. சாம்ராஜ்யம் முழுமைக்கும் அது பொது, இந்தியாவுக்கும் சேர்த்து.

அந்தப் பதக்கம் பெற்றவர்களில் என் மனசில் தங்கியவர் எட்வர்ட் கிரீனாஃப். 1917 ஜனவரி 19 மாலை, லண்டன் சில்வர்டவுனில் வெடிமருந்துத் தொழிற்சாலை தீப்பிடித்தது. அங்கே பாராவில் இருந்த கான்ஸ்டபிள் அவர். ஓடித் தப்பியிருக்கலாம். வாசலிலேயே நின்று, வருகிறவர்களை எல்லாம் விரட்டி விரட்டித் திருப்பி அனுப்பினார். தொழிற்சாலை வெடித்தது. 73 பேர் இறந்தார்கள், அவரும் ஒருவர். லண்டனில் 'போஸ்ட்மேன்ஸ் பார்க்' என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கு. ஜி.எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் 1900-இல் அங்கே ஒரு சுவர் எழுப்பினார். பிறர் உயிர் காக்கப்போய்ச் செத்த சாதாரண மனுசர்களின் பேரை ஓட்டில் எழுதிப் பதிக்கிற சுவர். கிரீனாஃப் பேரும் அதில் இருக்கு.

நம்ம ஊரில் விடுதலைக்குப் பிறகு 1951-இல் குடியரசுத் தலைவரின் காவல் மற்றும் தீயணைப்புப் பதக்கம் வந்தது. 1961-இல் ஜீவன் ரக்ஷா பதக்கம் வந்தது. இது போலீஸ்காரருக்கு மட்டுமல்ல, உயிர் காத்த யாருக்கும். நீரில் மூழ்கியவரை மீட்டது, தீயில் சிக்கியவரைத் தூக்கியது எல்லாம் இதில் வரும். பிரதமர் பேரில் உயிர்காப்புக்கென்றே ஒரு போலீஸ் பதக்கமும் இருந்தது. தமிழ்நாட்டில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தைக் குடியரசு நாளில் முதலமைச்சர் கொடுப்பார். இதற்கிடையே 2024-இல் மத்திய உள்துறை 16 வகைப் பதக்கங்களை 4 ஆகச் சுருக்கிவிட்டது.

பதக்கம் எதையும் சும்மா கொடுக்க மாட்டார்கள். யாராவது எழுதணும், யாராவது பரிந்துரைக்கணும், சாட்சி வேணும். எங்க ஏட்டையாவுக்கு எழுத ஆள் இல்லை. ஆச்சிக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது.

எழுத ஆள் இருந்த சிலரை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

2001 டிசம்பர் 13. டெல்லி நாடாளுமன்றம். மத்திய ரிசர்வ் போலீஸின் கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி வாசலில் பணியில் இருந்தார். கையில் துப்பாக்கி இல்லை. உள்ளே வந்த காரில் இருந்தவர்கள் தீவிரவாதிகள் என்று கண்டு, கத்தி மற்றவர்களை எச்சரித்தார். சுடப்பட்டு இறந்தார். அசோக சக்கரம் பெற்ற முதல் பெண் கான்ஸ்டபிள் அவர்.

2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காவ் சௌபாத்தி. உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பலே கையில் இருந்தது ஒரு லத்தி. எதிரே காரில் இருந்தவன் கையில் ஏ.கே. 47. துக்காராம் அந்தத் துப்பாக்கியின் குழாயை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டு முழுக்க அவர் உடம்பில் இறங்கியது. பின்னால் நின்றவர்கள் பிழைத்தார்கள், கசாப் உயிரோடு பிடிபட்டான். அடுத்த குடியரசு நாளில் அவருக்கு அசோக சக்கரம். 2021-இல் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 'ஐசியஸ் துக்காராமி' என்று அறிவியலாளர்கள் அவர் பேரை வைத்தார்கள். பேர் நிலைக்கிற வழிகள் எத்தனை!

2017 ஆகஸ்ட், மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டம், சிதோரா என்ற கிராமம். பள்ளிக்கூடம் பக்கத்தில் ஒரு பீரங்கிக் குண்டு கிடக்கு என்று தகவல். சுமார் 10 கிலோ. உள்ளே ஏறத்தாழ 400 பிள்ளைகள். வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை காத்திருப்பதுதான் விதி. தலைமைக் காவலர் அபிஷேக் படேல் அதைத் தோளில் தூக்கிக்கிட்டு, வீடுகள் இல்லாத பக்கமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடினார். அந்தக் காட்சியைப் படம் பிடித்திருக்காங்க. கனத்தால் அவர் ஓட்டம் கோணலாக இருக்கும்.

2021 நவம்பர் 11, சென்னை. விடாத மழை. டி.பி. சத்திரம் இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி, கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த ஓர் இளைஞரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். செத்துட்டான்னு பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்த ஆள். அவருக்கு மூச்சு இருக்கு என்று பார்த்தவர் அவர்தான். முதலமைச்சர் அடுத்த நாளே அழைத்துப் பாராட்டினார். அந்தக் காட்சியும் நாடு முழுக்கப் போனது.

இந்த நாலு பேர் கையிலும் என்ன இருந்ததுன்னு பாருங்க. ஒருவரிடம் துப்பாக்கி இல்லை, ஒருவரிடம் லத்தி, ரெண்டு பேரிடம் தோள். சர்க்கார் கொடுத்த ஆயுதத்தால் யாரும் காப்பாற்றவில்லை. குறுக்கே நின்ற உடம்பால்தான் காப்பாற்றினார்கள்.

இங்கே நிறுத்தினால் இது போலீஸ் வாரப் பத்திரிகைக்கு எழுதின கட்டுரை ஆகிவிடும். நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். எங்க ஊர் ஆறு எனக்கு வேறொன்றையும் ஞாபகப்படுத்துது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்கத் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. சித்தியைத் தண்ணியிலிருந்து இழுத்துப் போட்டதும் காக்கிதான், அன்னைக்கு அத்தனை சனத்தைத் தண்ணிக்குள் விரட்டினதும் காக்கிதான். ரெண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவன் வரலாறு எழுதலை, வக்காலத்து எழுதுறான்.

அப்புறம் 2020 ஜூன், சாத்தான்குளம். கடையைப் பூட்ட நேரமாச்சு என்பதில் தொடங்கி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1855 அறிக்கையில் படித்ததை 2020-இல் மறுபடி படித்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் கண்டதைச் சொன்னார். சக போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, அதே கட்டிடத்தில், தன் வேலையும் குடும்பமும் என்ன ஆகும் என்ற பயத்தோடு சொன்னார். செத்தவர்களை அவரால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனா அடுத்து அந்த ஸ்டேஷன் படி ஏறப்போகிறவனின் உயிரை அவர் காப்பாற்றியிருக்கார் என்றே நான் நினைக்கிறேன். அது எந்த உயிர் என்று நமக்குத் தெரியாது. சாகாமல் போனவருக்குத்தான் ஃபைல் கிடையாதே.

அண்ணாச்சியிடம் இதையும் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "லத்தியைக் கையில கொடுத்தவன் எப்படிப் பிடிக்கணும்னு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தான். எப்போ கீழே போடணும்னு சொல்லித் தரலை" என்றார்.

மறுபடி அருவிக்கு வருவோம். குற்றாலத்தில் உயிர் காப்பது பெரும்பாலும் இறங்கி இழுப்பதில் இல்லை, இறங்க விடாமல் வைப்பதில்தான் இருக்கு. இதை வெளியூர்க்காரர்கள் புரிஞ்சுக்கணும். அருவியில் நிற்கிறவருக்குத் தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம், அதே நேரம் மலைக்குள்ளே கொட்டித் தீர்த்துக்கிட்டு இருக்கும். அந்தத் தண்ணி செங்குத்தான சரிவில் இறங்கி வருவதற்கு அதிக நேரம் எடுக்காது. முதலில் நிறம் மாறும். தெளிவாக விழுந்தது செம்மண் கலந்து விழும். இலை, சருகு, குச்சி வரும். சத்தம் கனமாகும். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி கொட்டும். அந்த நிறமாற்றத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் கிடைக்கிற சில நிமிசங்களில் விசில் அடித்து, திட்டி, கையைப் பிடித்து இழுத்து நூற்றுக்கணக்கான பேரை வெளியேற்றணும். எண்ணெய் தேய்த்துக்கிட்டு வரிசையில் நிற்கிறவர், "இப்போதான் சார் வந்தேன், ஒரே ஒரு நிமிசம்" என்பார். அவர்கிட்டேயும் வாதாடணும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அந்த நேரம் கிடைக்கலை. கோடை மழையில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் சனங்கள் ஓடுகிற காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 17 வயசுப் பையன் ஒருத்தன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்தச் சாவு செய்தியாச்சு, ஃபைலாச்சு. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சாயங்காலம் யாரோ ஒரு கான்ஸ்டபிள் தண்ணி நிறத்தைப் பார்த்து விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றியிருப்பார். குளிக்க விடலைன்னு அவரைத் திட்டிக்கிட்டே எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க. "குற்றால அருவிகளில் குளிக்கத் தடை" என்று பேப்பரில் நாலு வரி வரும். ஒவ்வொரு சீசனிலும் நாம் சலிப்போடு தாண்டிப்போகிற அந்த நாலு வரிதான் இந்த ஊரின் உயிர்காப்பு வரலாறு.

உயிர் காக்க உடுப்பும் வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 25 நள்ளிரவு தாண்டி, புளியரை பக்கம் எஸ் வளைவில் பிளைவுட் ஏற்றிவந்த ஒரு லாரி கவிழ்ந்து கீழே தண்டவாளத்தில் விழுந்தது. பக்கத்தில் குடியிருந்த வயசான கணவன் மனைவி ரெண்டு பேரும் சத்தம் கேட்டு எழுந்து, டார்ச் லைட்டை ஆட்டிக்கிட்டே தண்டவாளத்தில் ஓடி, வந்துக்கிட்டு இருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். அவர்களுக்கு எழுத ஆள் இருந்தது, நல்ல விசயம். அந்தத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் யாரும் பாரா போடலை. பார்த்தார்கள், ஓடினார்கள். எங்க ஏட்டையாவும் அப்படித்தான்.

பின்னே போலீஸ்காரரைத் தனியாகச் சொல்ல என்ன இருக்குன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். ஒன்று இருக்குன்னு தோணுது. அந்தத் தம்பதிக்கு அந்த ஒரு ராத்திரி வந்தது. அருவிக்கரையில் நிற்கிற கான்ஸ்டபிளுக்கு அது தினமும் வரலாம். வராமலும் போகலாம். அது வரும்வரை அவர் சாரலில் நின்னுக்கிட்டே இருக்கணும். நிற்கிறதுதான் அந்த வேலையில் பாதி. கிரீனாஃப் வாசலில் நின்ற மாதிரி.

ஏட்டையாவை நான் கண்டுபிடிக்கலை. அன்னைக்கே அவருக்கு நாற்பது வயசு இருக்கும் என்று ஆச்சி சொன்னதை வைத்துப் பார்த்தால், அவர் இப்போ இருக்க வாய்ப்புக் குறைவு. அவர் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியுமோ என்னமோ. வீட்டுக்கு நனைந்த உடுப்போடு போயிருப்பார். பூட்ஸைத் திண்ணையில் காய வைத்திருப்பார். என்ன ஆச்சுன்னு வீட்டில் கேட்டால், "ஒரு பிள்ளை விழுந்திட்டு" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

போன ஆடியில் சித்தியைக் கூட்டிக்கிட்டு ஐந்தருவி போனேன். பெண்கள் பக்கத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிள், இருபத்தஞ்சு வயசு இருக்கும், ரெயின்கோட் போட்டுக்கிட்டு விசில் அடித்தபடி நின்றது. "பாட்டி, பாசி இருக்கு, அந்த ஓரம் போகாதீங்க" என்று சித்தியை அதட்டியது. சித்தி நேரே அந்தப் பிள்ளைகிட்டே போனாள்.

"ஒம் பேரென்ன தாயி?"

அந்தப் பிள்ளை புகார் கொடுக்கப்போறாங்களோ என்று திகைச்சுப்போய் நின்றது. சித்தி ரெயின்கோட்டை விலக்கி, நெஞ்சில் குத்தியிருந்த பேர் வில்லையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏல, இதை எழுதி வச்சுக்கோ. அன்னைக்கு விட்டுட்டோம்."

எழுதி வச்சிருக்கேன்.